எப்போதும் பச்சை காட்டிய டெஸ்ட்: கர்னல் சோதனைக் கோடில் தொடக்க மதிப்பில்லாத பாயிண்டர்களைப் பிடித்த பதிவு

வெண்ணாற்றில் பிரியும் ஒரு வாய்க்காலின் தலைமதகில் நீர்மட்டம் அளக்கும் சென்சார் வைக்க ஒரு லினக்ஸ் கர்னல் டிரைவர் எழுதப்பட்டது. சென்சார் அனுப்பும் ஃபிரேமை (தரவுத் தொகுப்பை)ப் பிரிப்பது, சிஆர்சி (தரவு சிதையாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பார்ப்பது, மில்லிமீட்டரில் வரும் மட்டத்தை அளவீட்டு அட்டவணையில் தேடிக் கனஅடியாக மாற்றுவது: டிரைவரின் வேலை அவ்வளவுதான். மதகில் இருக்கும் போர்டு ஏஆர்எம்64. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி இந்த மதகுக்கு வருவதற்குள் டிரைவர் நம்பும்படி ஆகியிருக்க வேண்டும். தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால் போர்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவர முடியாது. மட்டம் தவறாகக் காட்டினால் ஷட்டரைத் தூக்கும் லஸ்கருக்குத் தவறான எண் போகும், கடைமடைக்குப் போக வேண்டிய முறைத் தண்ணீர் குறையும். கர்னலின் சோதனைக் கட்டமைப்பான கேயூனிட்டில் 14 சோதனைகள் எழுதியதற்கு இதுதான் காரணம்.

இந்தப் பதிவு டிரைவரைப் பற்றியது அல்ல. அந்த 14 சோதனைகளுக்குள்ளேயே ஒளிந்திருந்த தவறுகளைப் பற்றியது. கர்னல் பதிப்பு 6.6. இரண்டு லேப்டாப்: ஒன்றில் உபுண்டு 22.04, ஜிசிசி கம்பைலர் 11. மற்றதில் உபுண்டு 24.04, ஜிசிசி 13. இரண்டிலும் 4 கோர், 8 ஜிபி ரேம். இந்த வேறுபாடு முக்கியம் என்று முதலில் தெரியவில்லை.

அறிகுறி

பல வாரம் இரண்டு லேப்டாப்பிலும் 14-க்கு 14 பச்சை. சோதனைகள் யூஎம்எல்லில் (யூசர் மோட் லினக்ஸ்) ஓடின. கேயூனிட்.பை ரன் என்று கொடுத்தால் கூடுதல் சொல் எதுவும் இல்லாமல் அதில்தான் ஓடும். கர்னலே ஒரு சாதாரண புரோகிராம் போல லேப்டாப்பில் ஓடி முடிந்துவிடும். முதல் பில்டுக்கு 5 நிமிடம், அடுத்தடுத்த ஓட்டத்துக்கு 20 நொடி. இவ்வளவு சீக்கிரம் முடிவதால் வேறு எதிலும் ஓட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

பிறகு சூட்டின் (சோதனைத் தொகுப்பின்) இனிட் ஃபங்ஷனில், அதாவது ஒவ்வொரு சோதனைக்கும் முன் ஓடும் பகுதியில், ஒரே ஒரு வரி சேர்க்கப்பட்டது: அட்டவணையில் எத்தனை வரிசை இருக்கிறது என்று கேயூனிட்_இன்ஃபோ வழியாக அச்சிடும் வரி. உடனே 22.04 லேப்டாப்பில் 'கெட்ட சிஆர்சி' சோதனை பாதியில் விழுந்து கர்னல் முழுவதும் நின்றது. 24.04-ல் பச்சை. அந்த வரியை எடுத்தால் இரண்டிலும் பச்சை. திரும்பச் சேர்த்தால் மறுபடி விழும், பத்துக்குப் பத்து முறை.

அச்சிடும் வரி தவறு செய்யாது. அப்படியானால் அது எதையோ இடம் மாற்றுகிறது. ஸ்டாக் மீது, அதாவது ஃபங்ஷன்களின் லோக்கல் மாறிகள் இருக்கும் நினைவகப் பகுதி மீது, சந்தேகம் வந்தது அப்போதுதான். ஆனால் நேராக அங்கே போகாமல் நடுவில் இரண்டு தவறான திருப்பங்கள் எடுக்கப்பட்டன.

முதல் தவறான திருப்பம்: எல்லாவற்றிலும் நல் போட்டது

டெஸ்ட் கோப்பில் தொடக்க மதிப்பு கொடுக்காமல் அறிவித்திருந்த லோக்கல் பாயிண்டர்கள் 31. பாயிண்டர் என்பது ஒரு நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி; நல் என்றால் எதையும் சுட்டாத மதிப்பு. ஒரே மூச்சில் அத்தனைக்கும் நல் கொடுத்தோம். இரண்டு லேப்டாப்பிலும் பச்சை. வேலை முடிந்தது என்று நான்கு நாள் அப்படியே விட்டது பெரிய பிழை.

விழுந்த சோதனை செய்தது இது: தப்பான சிஆர்சி உள்ள ஃபிரேமைக் கொடுத்து டிரைவரின் டேபிள்_பார்ஸ் ஃபங்ஷனை அழைக்கும். அதற்கு டேபிள் என்ற பாயிண்டரின் முகவரியையும் கொடுக்கும். ஃபங்ஷன் மைனஸ் இபேட்எம்எஸ்ஜி (கெட்ட செய்தி என்ற பிழை எண்) திருப்ப வேண்டும், திருப்பியது. பிழைப் பாதையில் அது அந்த பாயிண்டரைத் தொடவே இல்லை, அதுவும் சரிதான். ஆனால் சோதனையின் கடைசி வரி டேபிள்_புட் என்று அந்த பாயிண்டரை விடுவிக்கிறது. டேபிள்_புட் நல் வந்தால் எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். குப்பை (அந்த இடத்தில் முன்பே கிடந்த மதிப்பு) வந்தால் அந்த முகவரிக்குப் போய், அட்டவணையை எத்தனை இடம் பயன்படுத்துகிறது என்ற எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கும்.

இங்கே தவறு சோதனையினுடையது, டிரைவருடையது அல்ல. நல் போட்டது இந்த ஒன்றுக்குச் சரியான மருந்துபோல் தெரிந்தது. ஆனால் அதே அடியில் இன்னொரு சோதனையின் பாயிண்டருக்கும் நல் விழுந்தது: 'வரிசை இல்லாத அட்டவணை'. அந்தப் பாதையில் டேபிள்_பார்ஸ் சுழியம் திருப்புகிறது, அதாவது வெற்றி. ஆனால் வெற்றி என்று சொல்லிவிட்டு பாயிண்டரை நிரப்பவில்லை. இது டிரைவரின் உண்மையான பிழை. சாதனத்தை இயக்கத் தொடங்கும்போது ஓடும் புரோப் ஃபங்ஷன் இந்த வெற்றியை நம்பி பாயிண்டரைப் பயன்படுத்தும். நல் போட்டதால் சோதனையில் டேபிள்_புட் சத்தமில்லாமல் திரும்பியது, பிழை மறைந்தது. எதைப் பிடிக்க எழுதினோமோ அதை மறைக்க நாமே துணி போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. 31 நல்லையும் பிறகு திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

ஏன் ஒரு லேப்டாப்பில் மட்டும்

காரணம் கம்பைலர் பதிப்பு. கர்னல் கான்ஃபிக்கில் இனிட்_ஸ்டாக்_ஆல்_ஜீரோ என்று ஒரு தேர்வு உண்டு. ஸ்டாக்கில் அறிவிக்கும் ஒவ்வொரு லோக்கல் மாறியையும் கம்பைலரே சுழியம் ஆக்கிவிடும். கம்பைலரால் முடியும் என்றால் கர்னல் தானாகவே இதைத்தான் தேர்ந்தெடுக்கும். ஜிசிசியில் இந்த வசதி வந்தது 12-ஆம் பதிப்பில். ஆகவே ஜிசிசி 13 உள்ள லேப்டாப்பில் 31 பாயிண்டரும் கேட்காமலேயே நல். ஜிசிசி 11-ல் அந்தத் தேர்வே கிடையாது, பழைய குப்பை அப்படியே இருக்கும்.

களத்துக்குப் போகும் கர்னலில் சுழியமாக்குவது நல்ல பாதுகாப்பு, அதை எடுக்கச் சொல்லவில்லை. சோதனைக்கு ஓட்டும் கர்னலில் அதே தேர்வு இருப்பதுதான் தவறு.

அச்சிடும் வரிக்கும் விழுதலுக்கும் உள்ள தொடர்பும் இப்போது விளங்கும். கேயூனிட் ஒவ்வொரு சோதனையையும் தனித் தனி கர்னல் திரெட்டில் ஓட்டுகிறது. புதுத் திரெட்டுக்குத் தரும் ஸ்டாக்கைக் கர்னல் சுழியமாக்கித்தான் தரும். ஆகவே முந்தைய சோதனையின் மிச்சம் இதில் வராது. சோதனைகளின் வரிசையை மாற்றிப் பார்ப்பது வீண். ஆனால் அதே திரெட்டில்தான் முதலில் சூட்டின் இனிட் ஓடுகிறது, அது திரும்பிய பிறகு சோதனை ஓடுகிறது. இனிட் ஆழமாக இறங்கி எழுதிவிட்டுப் போன அதே ஸ்டாக் பகுதியில்தான் சோதனையின் மாறிகள் வந்து உட்காருகின்றன. அச்சிடும் ஃபங்ஷன்கள் ஸ்டாக்கை நிறையப் பயன்படுத்தும். முன்பு சுழியமாக இருந்த இடத்தில் அவை எதையோ விட்டுச் சென்றன, அது பாயிண்டராக வாசிக்கப்பட்டது.

"ஒரு பிரிண்ட் வரி போட்டால் விழுகிறது, எடுத்தால் ஓடுகிறது" என்று யாராவது சொன்னால், இனிட்டிலிருந்து சோதனைக்கு வரும் இந்த மிச்சத்தைத்தான் முதலில் பாருங்கள்.

குப்பைக்கு ஓர் அடையாளம் கொடுத்தல்

குப்பை எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். எப்போதும் ஒரே மாதிரி, எப்போதும் விழும்படியான குப்பையாக இருந்தால் வேலை எளிது. அதற்கு இனிட்_ஸ்டாக்_ஆல்_பேட்டர்ன். சோதனைக்கான கேயூனிட்கான்ஃபிக் கோப்பில் இந்த ஒரு வரியை 'ஒய்' என்று சேர்த்தால் போதும். 64 பிட்டில் கிளாங் (இன்னொரு கம்பைலர்) ஒவ்வொரு பைட்டையும் பதினாறடி எண் முறையில் ஏஏ என்று நிரப்பும், ஜிசிசி 12-ம் அதற்கு மேலும் எஃப்இ என்று நிரப்பும். இரண்டு முகவரியுமே எக்ஸ்86_64-ல் செல்லாத முகவரி. தொட்ட கணமே ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட் வரும்.

இதை யூஎம்எல்லில் ஓட்டாமல் கியூஎமுவில் (ஒரு முழுக் கணினியையே மென்பொருளாக ஓட்டிக் காட்டும் கருவி) ஓட்டினோம், முகவரியை லாக்கில் நேராகப் படிக்க அதுதான் வசதி. கொடுத்தது: கேயூனிட்.பை ரன், --ஆர்ச்=எக்ஸ்86_64, --மேக்_ஆப்ஷன்ஸ் எல்எல்விஎம்=1. கியூஎமுவுக்குக் கேவிஎம் (லேப்டாப்பின் பிராசஸரையே நேராகப் பயன்படுத்தி வேகமாக ஓட்டும் வசதி) தர வேண்டும், --கியூஎமு_ஆர்க்ஸ் வழியாக. கேவிஎம் இல்லாமல் முதல் முறை ஓட்டியபோது பூட் ஆகவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. கொடுத்த பிறகு சில நொடி.

முதல் ஓட்டத்திலேயே இரண்டு சோதனை விழுந்தன. லாக்கில் இருந்த முகவரி ஏஏ ஏஏ ஏஏ ஏஏ ஏஏ ஏஏ ஏஏ பி2. கடைசி பைட்டைக் கவனியுங்கள். ஏஏ-வோடு 8 கூட்டினால் பி2. அதாவது தொடக்க மதிப்பில்லாத ஒரு பாயிண்டரை எடுத்து, அந்த ஸ்ட்ரக்சரில் 8-ஆவது பைட்டில் உள்ள உறுப்பைத் தொட்டிருக்கிறது. பஹோல் கருவியில் அந்த ஸ்ட்ரக்சரைப் பார்த்தால் 8-ஆவது பைட்டில் இருப்பது எண்ணிக்கை உறுப்பு. டேபிள்_புட் முதலில் தொடுவதும் அதுதான். ஸ்டாக் டிரேஸை கர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் உள்ள டீகோட்_ஸ்டாக்டிரேஸ் வழியாக அனுப்பினால் வரி எண்ணே கிடைத்துவிடும். முகவரியைப் பார்த்துக் கழிக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி நேரம் அந்தக் கருவிகூட வேண்டாம்.

விழுந்த இரண்டில் ஒன்று கெட்ட சிஆர்சி. மற்றது வரிசை இல்லாத அட்டவணை. நான்கு நாள் நல்லுக்கு அடியில் கிடந்த டிரைவர் பிழை வெளியே வந்தது இங்கேதான்.

இரண்டாம் தவறான திருப்பம்: 6பி-யைப் பார்த்து ஏமாந்தது

ஸ்டாக்கைச் சரிபார்த்த பிறகு ஹீப் (தேவைப்படும்போது கேட்டு எடுக்கும் நினைவகம்) பக்கம் போனோம். சோதனைகளுக்குப் பொதுவான பொருள்களை வைக்கும் ஃபிக்ஸ்சர் ஸ்ட்ரக்சரை இனிட்டில் கேயூனிட்_கேமாலாக் வழியாக எடுத்திருந்தோம். அதில் மூன்று பாயிண்டர்: டிவைஸ், அட்டவணை, ஃபிரேம் பஃபர். இனிட்டின் மூன்று படிகளிலும் ஒவ்வொன்றாக வேண்டுமென்றே தோல்வியைப் புகுத்தி, ஹீப் நினைவகத்தில் 'நச்சு' என்ற அடையாள மதிப்பை நிரப்பும் ஸ்லப்_டீபக்=பி என்ற கர்னல் ஆர்கியுமென்டோடு ஓட்டினோம். இரண்டாம் படியில் தோற்கச் செய்தபோது சோதனைக்குப் பின் ஓடும் எக்ஸிட் ஃபங்ஷன் விழுந்தது. முகவரி முழுவதும் 6பி 6பி 6பி.

6பி என்றால் விடுவித்த நினைவகத்தில் போடும் நச்சு என்று கர்னல் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். விடுவித்த பிறகு பயன்படுத்துகிறோம் என்று முடிவுகட்டி இரண்டு மாலை தேடினோம். கேசான் (செல்லாத நினைவகத்தைத் தொடுவதைப் பிடிக்கும் கர்னல் கருவி) போட்டு ஓட்டினால் அது வாயே திறக்கவில்லை. அதை அப்போதே தடயமாக எடுத்திருக்க வேண்டும், 'கேசான் தவறவிட்டது' என்று நினைத்தது தவறு.

நடந்தது இதுதான். ஸ்லப் அலகேட்டர் நச்சு போடும்போது, புதிதாக எடுத்துத் தரும் ஆப்ஜெக்டின் உள்ளேயும் இருப்பது அதே 6பி நிரப்பல்தான். கேமாலாக் அதைத் துடைப்பதில்லை. ஆகவே ஸ்லப்பில் 6பி என்றால் இரண்டு பொருள்: விடுவித்துவிட்ட நினைவகம், அல்லது எடுத்து இன்னும் எழுதாத நினைவகம். கேசான் முதலாவதைப் பிடிக்கும். இரண்டாவது அதற்குக் குற்றமே இல்லை, ஏனென்றால் அந்த நினைவகம் உயிரோடுதான் இருக்கிறது. 6பி தெரிந்து கேசான் அமைதியாக இருந்தால், எழுதாத நினைவகத்தைப் படிக்கிறோம் என்று வைத்துக்கொண்டு தேடலைத் தொடங்குவதே சரி.

பிழையின் வேர் கேயூனிட்டின் ஒரு விதியில் இருக்கிறது. இனிட் தோற்றாலும், நடுவில் அசர்ட்டில் (தோற்றால் சோதனையை அங்கேயே நிறுத்தும் சரிபார்ப்பு) நின்றாலும் எக்ஸிட் கட்டாயம் ஓடும். நமது இனிட் முதல் படியில் டிவைஸை நிரப்பிவிட்டு இரண்டாம் படியில் நின்றது. எக்ஸிட் மூன்றையும் விடுவிக்கப் போனது. திருத்தம் இரண்டு: கேயூனிட்_கேமாலாக் இருந்த இடத்தில் கேயூனிட்_கேஸீஅலாக், எக்ஸிட்டில் ஃபிக்ஸ்சர் பாயிண்டரே நல்லா என்ற சரிபார்ப்பு. அதைவிட நல்ல வழி, எக்ஸிட் ஃபங்ஷனையே தவிர்த்து ஒவ்வொரு பொருளை எடுத்ததும் கேயூனிட்_ஆட்_ஆக்‌ஷன்_ஆர்_ரீசெட் வழியாக அதன் விடுவிப்பைப் பதிவு செய்வது. எடுக்காத பொருளுக்கு விடுவிப்பு பதிவாகாது, ஆகவே தொடக்க மதிப்பு என்ற கேள்வியே எழாது. அடுத்த சூட்டில் முதலிலிருந்தே இப்படித்தான் எழுதுவோம்.

இதில் ஓர் எச்சரிக்கை. அப்படிப் பதிவு செய்யும்போது ஸ்டாக்கில் உள்ள மாறியின் முகவரியைக் கொடுக்கக் கூடாது. துப்புரவு வேறொரு திரெட்டில் ஓடுகிறது, சோதனையின் ஸ்டாக் அப்போது இருக்காது.

கேஎம்சான்

பேட்டர்ன் பிடிப்பது பாயிண்டரைத் தொடும் இடத்தை மட்டும். தொடாமல் ஒப்பிட்டால் அதற்குத் தெரியாது. அட்டவணையை மறுபடி ஏற்றும் சோதனையில் இது நேராக மாட்டியது. பழைய பாயிண்டரும் புதிய பாயிண்டரும் வேறாக இருக்க வேண்டும் என்பது சோதனை. பழையதை நிரப்பித் தர வேண்டிய ஃபங்ஷன் முதல் ஏற்றத்தில் நிரப்புவதில்லை. ஏஏஏஏ எந்தப் புதிய பாயிண்டருக்கும் சமமாகாது. ஆகவே சோதனை என்றென்றும் பச்சை. இதைப் பிடித்தது கேஎம்சான் மட்டுமே. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டும் எழுதப்பட்டதா என்று அது நிழல் கணக்கு வைக்கிறது. எழுதாத மதிப்பை நகல் எடுத்தால் பொறுத்துக்கொள்ளும். அதை வைத்து நிபந்தனை முடிவெடுத்தால் புகார் செய்யும்.

லினக்ஸ் 6.1-லிருந்து கர்னலோடு வருகிறது. கிளாங் கட்டாயம், 14.0.6 அல்லது அதற்கு மேல். 6.6-ல் எக்ஸ்86_64-க்கு மட்டும், யூஎம்எல்லில் ஓடாது. கேசானோடு சேர்ந்து இருக்காது. டீபக்_கர்னல் வேண்டும். இனிட்_ஸ்டாக்_நன் வைக்க வேண்டும், சுழியமும் பேட்டர்னும் இதோடு ஒத்துவராது. ஆகவே இது தனி பில்ட், தனி கான்ஃபிக் கோப்பு. ஏதாவது ஒத்துவராவிட்டால் கேயூனிட்.பை 'கேட்ட தேர்வுகள் எல்லாம் கான்ஃபிக்கில் வரவில்லை' என்று நிறுத்திவிடும். அப்போது டீபக்_கர்னலைத்தான் முதலில் பாருங்கள். நமக்கு விட்டுப்போனது அது.

செலவு கொஞ்சம் இருக்கிறது. நிழலுக்கு ஒரு மடங்கு, எங்கிருந்து வந்தது என்ற மூலக் கணக்குக்கு இன்னொரு மடங்கு என்று நினைவகம் மும்மடங்கு ஆகும். கேயூனிட்.பை கியூஎமுவுக்குத் தரும் 1024 எம்பி-யில் மூன்றில் இரண்டு பங்கு இதிலேயே போய்விடும். கியூஎமு ஆர்கியுமென்டில் 4096 என்று கொடுத்தோம். 8 ஜிபி லேப்டாப்பில் பிரவுசரை மூடிவிட்டு ஓட்டினால் போதும், புது ரேம் வாங்கத் தேவைப்படவில்லை. முதல் பில்டுக்கு 35 நிமிடம். சோதனைக்கான நேர வரம்பு இயல்பாக 300 நொடி. முதல் முறை அது போதாமல் நடுவில் வெட்டப்பட்டது. --டைம்அவுட் 1200 கொடுத்த பிறகு தொந்தரவு இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த வேலையில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு. முதல் முழு ஓட்டம் முடிந்து திரையில் 14-க்கு 14 பச்சை. கேஎம்சான் எதுவும் காணவில்லை போலும் என்று மூடப் போன நேரத்தில் .கேயூனிட் அடைவில் உள்ள டெஸ்ட்.லாக் கோப்பைத் திறந்தால் அதற்குள் மூன்று 'பக்: கேஎம்சான்: அன்இனிட்-வேல்யூ' அறிக்கை. கேஎம்சான் லாக்கில் எழுதுகிறது, அவ்வளவுதான். சோதனையைத் தோற்றதாக அது குறிப்பதில்லை. சுருக்கிக் காட்டும் திரையில் அந்த அறிக்கையும் வராது. திருத்தம்: --கர்னல்_ஆர்க்ஸ் வழியாக கேஎம்சான்.பேனிக்=1. முதல் அறிக்கையிலேயே கர்னல் நின்றுவிடும், கவனிக்காமல் போக வழியே இல்லை. ஒரு ஓட்டத்தில் ஒரு பிழைதான் கிடைக்கும் என்பது குறை. எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்க்க வேண்டும் என்றால் பேனிக் இல்லாமல் ஓட்டிவிட்டு டெஸ்ட்.லாக்கில் 'பக்: கேஎம்சான்' என்று கிரெப் செய்யலாம். நாம் இரண்டாவது வழியை ஸ்கிரிப்டில் வைத்து, ஒன்று கிடைத்தாலும் தோல்வி என்று திருப்பும்படி செய்திருக்கிறோம்.

அறிக்கையைப் படிக்கும்போது மேலே உள்ள டிரேஸைவிடக் கீழே உள்ள பகுதிதான் பயன். லோக்கல் மாறி என்றால் அதன் பெயரையும் எந்த ஃபங்ஷனில் உருவானது என்பதையும் சொல்லும். ஹீப் என்றால் எங்கே எடுத்தது என்ற டிரேஸ் இருக்கும். ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் ஆர்கியுமென்டையும் அழைக்கும் இடத்திலேயே சரிபார்க்கும் தேர்வு இயல்பாகவே இயங்குகிறது. டேபிள்_புட்டுக்குள் போய் விழுந்த பிறகு அல்ல, சோதனையில் அதை அழைக்கும் வரியிலேயே விரல் வைத்துக் காட்டிவிடும்.

கம்பைலர் ஏன் சொல்லவில்லை

பாயிண்டரின் முகவரியை இன்னொரு கோப்பில் உள்ள ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிட்டால், அங்கே நிரப்பப்பட்டிருக்கும் என்றே கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. சோதனைக் கோடில் பாதிக்கு மேல் இந்த வடிவம்தான். தவிர, ஜிசிசியின் 'ஒருவேளை தொடக்க மதிப்பில்லை' என்ற எச்சரிக்கை பொய்ப் புகார் அதிகம் தருகிறது என்பதால் 2020-லிருந்து கர்னல் பில்டில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. டபிள்யூ=2 கொடுத்தால் வரும்.

முழுக் கர்னலுக்கும் டபிள்யூ=2 கொடுத்தால் எச்சரிக்கை வெள்ளத்தில் எதுவும் தெரியாது. டெஸ்ட் கோப்புக்கு மட்டும் மேக்ஃபைலில் சிஃபிளாக்ஸ் வரியில் அந்த ஒரு எச்சரிக்கையைச் சேர்த்தோம். பயன் இருந்தது, ஆனால் டிரைவரின் .சி கோப்பையே டெஸ்ட் கோப்புக்குள் இன்குளூட் செய்த பிறகுதான். ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களைச் சோதிக்க வழக்கமாகச் செய்வது இது. அப்போது இரண்டும் ஒரே கோப்பாகி, உள்ளே என்ன நடக்கிறது என்று கம்பைலருக்குத் தெரிகிறது. கெட்ட சிஆர்சி பிழையை அந்த நிலையில் ஜிசிசியே சொன்னது.

கோடை இயக்காமலேயே படித்துப் பிழை தேடும் ஸ்மாட்ச் கருவியும் ஓட்டினோம். கேசெக்கர் ஸ்கிரிப்ட் வழியாக ஒரு கோப்புக்கு ஓட்டினால் நொடிகளில் முடியும். ஃபங்ஷன் விட்டு ஃபங்ஷன் பார்க்க வேண்டுமென்றால் முழுக் கர்னலுக்கும் தரவுத்தளம் கட்ட வேண்டும். இரவில் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கும் வேலை அது. ஒரு சிறு டிரைவருக்கு அது தேவையில்லை என்றே தோன்றுகிறது. இன்குளூட் வழியே போதும்.

தானே விடுவிக்கும் பாயிண்டர்கள்

6.5-ல் வந்த கிளீனப் வசதியில் பாயிண்டருக்குப் பக்கத்தில் __ஃப்ரீ போட்டால், ஃபங்ஷன் முடியும்போது அது தானே விடுவிக்கப்படும். டிரைவர் கோடில் இது நல்லது. பழக்கத்தில் சோதனையிலும் இரண்டு இடத்தில் எழுதியிருந்தோம். அங்கே இரண்டு பக்கமும் இடிக்கிறது.

ஒன்று: அறிவித்த இடத்தில் மதிப்புக் கொடுக்காமல், நடுவில் கேயூனிட்_மார்க்_ஸ்கிப்டு என்று குறித்துவிட்டு ரிட்டர்ன் செய்திருந்தோம். ரிட்டர்ன் என்றால் விடுவிப்பு ஓடும். கேஃப்ரீ கைக்குக் குப்பை போகும். இன்னொன்று: அசர்ட் தோற்றாலோ, கேயூனிட்_ஸ்கிப் அழைத்தாலோ கேயூனிட் அந்தத் திரெட்டையே அங்கேயே முடித்துவிடுகிறது. ஃபங்ஷன் திரும்புவதே இல்லை, ஆகவே விடுவிப்பும் ஓடாது, நினைவகம் கசியும். சோதனைக்குள் __ஃப்ரீ வேண்டாம் என்பது எங்கள் முடிவு. கேயூனிட் எடுத்துத் தரும் நினைவகத்தைக் கேயூனிட்டே எல்லா வழியிலும் விடுவிக்கும், அதை வைத்தே எழுதிக்கொள்வது நல்லது.

இப்போது எழுதும் முறை

வெளியே நிரப்பித் தர வேண்டிய பாயிண்டருக்கு நல்லும் கொடுப்பதில்லை, வெறுமனேயும் விடுவதில்லை. பிழை எண்ணைப் பாயிண்டர் வடிவில் தரும் இஆர்ஆர்_பிடிஆர் வழியாக மைனஸ் இநோடேட்டா என்ற பிழை எண்ணைக் கொடுக்கிறோம். வெற்றிப் பாதைச் சோதனையில் அழைப்புக்கு அடுத்த வரி 'பிழையும் அல்ல, நல்லும் அல்ல' என்ற அசர்ட். ஃபங்ஷன் நிரப்ப மறந்திருந்தால் எந்தக் கம்பைலரிலும், எந்தக் கான்ஃபிக்கிலும் அந்த வரியிலேயே தோல்வி. பிழைப் பாதைச் சோதனையில், அழைப்புக்குப் பிறகும் பாயிண்டர் அதே மதிப்பில் இருக்கிறதா என்று பார்க்கிறோம்; புட் அழைப்பை எடுத்துவிட்டோம்.

திருப்பிய எண்ணைச் சரிபார்க்க எக்ஸ்பெக்ட் போட்டிருந்த 9 இடத்தில் அசர்ட் ஆக்கினோம். எக்ஸ்பெக்ட் தோற்றாலும் அடுத்த வரிக்குப் போகும், அடுத்த வரி பாயிண்டரைத் தொடும். பாயிண்டர் செல்லுமா என்பது ஒரு நிபந்தனையைப் பொறுத்திருந்தால் அந்த நிபந்தனை அசர்ட்டாக இருக்க வேண்டும். மற்ற ஒப்பீடுகள் எக்ஸ்பெக்டாகவே இருக்கட்டும். ஒரே ஓட்டத்தில் எல்லாத் தோல்வியும் தெரிவது வசதி.

ஒவ்வொரு கமிட்டுக்கும் யூஎம்எல்லில் கேசானோடு ஓர் ஓட்டம், கியூஎமுவில் கிளாங் பேட்டர்னோடு ஓர் ஓட்டம். இரண்டும் சேர்ந்து ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். கேஎம்சான் நாளுக்கு ஒரு முறை, இரவில். பில்ட் அடைவை --பில்ட்_டிர் வழியாக மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே அடைவில் கான்ஃபிக்கை மாற்றி மாற்றி ஓட்டினால் ஒவ்வொரு முறையும் முழு பில்ட் நடக்கும். முதல் வாரம் அந்த நேரம் வீணாகவே போனது.

ஆரம்பத்திலிருந்தே மாற்றிச் செய்திருக்க வேண்டியது ஒன்று: இனிட்டின் ஒவ்வொரு படியிலும் தோல்வியைப் புகுத்தும் மாட்யூல் பாராமீட்டர். கடைசியில் கையால் செய்ததை முதல் நாளே எண் கொடுத்துச் செய்யும்படி வைத்திருந்தால் ஃபிக்ஸ்சர் பிழை அன்றே விழுந்திருக்கும். இப்போது சேர்த்தாயிற்று. 0 என்றால் தோல்வி இல்லை, 1 முதல் 3 வரை அந்தந்தப் படி.

மீதி இருப்பது ஏஆர்எம்64. அதற்குக் கேஎம்சான் இல்லை. --ஆர்ச்=ஏஆர்எம்64 கொடுத்து கியூஎமுவில் பேட்டர்ன் பில்டை ஓட்டினோம். அங்கே ஏஏஏஏ முகவரியைத் தொட்டால் 'யூசருக்கும் கர்னலுக்கும் இடைப்பட்ட முகவரி' என்ற பொருளில் செய்தி வரும், அதுவும் தெளிவாகவே இருக்கிறது. எக்ஸ்86 லேப்டாப்பில் ஏஆர்எம்64-ஐக் கேவிஎம் தாங்காது, ஆகவே ஓட்டம் மெதுவாகத்தான் போகும். டிவைஸ் ட்ரீயிலிருந்து (போர்டின் வன்பொருள் விவரம்) அட்டவணை படிக்கும் பாதைக்கு இன்னும் சோதனை எழுதவில்லை. போர்டை மதகில் பூட்டுவதற்கு முன் எழுத வேண்டியது அது ஒன்றுதான்.